கூரையைப் பார்த்த படம்

'மூளை நின்ற பிறகும் நினைவு இருக்கிறது. லண்டன் டாக்டர்கள் நிரூபித்துவிட்டார்கள்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி நிஜமா எனக் கேட்டு நிறையக் கடிதங்கள். நேராக விஷயத்துக்கு வருவோம்.

செய்தியின் மூலம், டாக்டர் சாம் பார்னியா நடத்திய 'அவேர்' ஆய்வு. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரியாவில் 15 மருத்துவமனைகள். 2008 முதல் 2012 வரை. முடிவு 2014இல் வெளியானபோது 'உலகின் மிகப் பெரிய ஆய்வு' என்று சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் அறிவித்தது. பெரியதுதான். இதயம் நின்றுபோனவர்கள் 2,060 பேர். பிழைத்தவர்கள் 330. விரிவாகப் பேச முடிந்தது 101 பேரிடம். நடந்ததைப் பார்த்ததாகவும் கேட்டதாகவும் சொன்னவர்கள் இரண்டே பேர்.

ஆனால் இந்த ஆய்வில் ஓர் அபாரமான தந்திரம் இருந்தது. 'மேலே மிதந்தேன், கீழே என் உடம்பைப் பார்த்தேன்' என்று சொல்பவர்களைச் சோதிப்பது எப்படி? அவசர சிகிச்சை நடக்கும் இடங்களில் கூரையை ஒட்டிப் பலகை அடித்தார்கள், ஏறத்தாழ 1,000. ஒவ்வொன்றிலும் மேல்நோக்கி ஒரு படம்: விலங்கோ, மனிதரோ, செய்தித்தாள் தலைப்போ. கட்டிலில் கிடப்பவருக்கும் தெரியாது, நெஞ்சை அழுத்தும் நர்ஸுக்கும் தெரியாது. நிஜமாகவே மேலே போனவருக்கு மட்டும் தெரியும்.

கவிழ்ந்தது எங்கே? 78 சதவீதம் பேருக்கு இதயம் நின்றது பலகை இல்லாத இடங்களில். அந்த இருவரும் அதில் அடக்கம்! ஒருவருக்கு உடல்நலம் இடம்கொடுக்கவில்லை. மேற்கொண்டு விசாரிக்க முடியவில்லை. மற்றவர் 57 வயதுக்காரர். நீல உடையில் இருந்த வழுக்கைத் தலைக்காரரையும், மின்னதிர்ச்சிக் கருவி பேசியதையும் சரியாகச் சொன்னார். வியப்புதான். ஆனால் கருவியின் குரல் காதில் விழ மேலே மிதக்க வேண்டியதில்லை. இந்த ஒருவரை வைத்துத்தான் 'நிரூபணம்' என்கிறார்கள்.

அடுத்த ஆய்வில் படத்தைக் கட்டிலருகிலேயே கொண்டுவந்தார்கள்: டேப்லெட்டில் படம், ஹெட்போனில் மூன்று பழங்களின் பெயர். 2023இல் முடிவு வந்தது. 567 பேரில் பேட்டி கொடுக்க முடிந்தவர்கள் 28. பழங்களை ஒருவர் சொன்னார்.

மற்ற கேள்விகள்:

மூளையைத் தூண்டினால் மிதக்கும் உணர்வு வருமா? வரும், 2002இல் ஜெனீவா டாக்டர்கள் ஒரு நோயாளியிடம் கண்டார்கள்.

சாகும்போது மூளை மின்னுகிறதாமே? 2023இல் மிச்சிகன் குழு ஆராய்ந்த நால்வரில் இருவருக்கு மின்னியது. என்ன உணர்ந்தார்கள் என்று சொல்ல யாரும் பிழைக்கவில்லை.

பிரக்ஞை எப்படி உண்டாகிறது என்றாவது தெரியுமா? தெரியாது, 25 ஆண்டுகளில் தெரிந்துவிடும் என்று 1998இல் பந்தயம் கட்டிய மூளை விஞ்ஞானி கிறிஸ்டோஃப் காக், 2023இல் தோற்று தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸுக்கு ஒயின் கொடுத்தார்.

அப்படியானால் அது மூளைக்கு வெளியே இருக்கிறதா? காக் பந்தயத்தில் தோற்றது அதற்குச் சாட்சி ஆகாது.

படம் என்ன ஆயிற்று? இரண்டு ஆய்விலும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.