பெட்டியில் உள்ள எண் மட்டும் போதாது: விளையாட்டுக் கணினிக்குத் திரை வாங்குமுன் அறிய வேண்டியவை

“240 ஹெர்ட்ஸ் திரை வேண்டும்.” வீட்டில் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது பெற்றோர் பலருக்கு அதன் பொருள் விளங்குவதில்லை. கடைக்குப் போனால் 144, 180, 240, 360 எனப் பெட்டிதோறும் ஓர் எண் இருக்கிறது. எண் கூடக் கூட விலையும் கூடுகிறது. எந்த எண்ணுக்குப் பணம் கொடுப்பது, எந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூரில் மின்விளையாட்டு இன்று பொழுதுபோக்காக மட்டும் பார்க்கப்படுவதில்லை. டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ 2022 அக்டோபரில் இங்கு நடைபெற்றது. 2023 ஜூனில் ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரமும் இங்கேயே நடந்தது. தேசிய சேவைப் படித்தொகையையும் பகுதிநேர வேலைச் சம்பளத்தையும் சேர்த்துவைத்துக் கணினி வாங்கும் இளையர்கள் பலர் இருக்கிறார்கள். அந்தச் சேமிப்பு வீணாகாமல் இருக்க, திரையின் எண்ணைத் தனியாகப் பார்க்காமல் கணினியோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

ஹெர்ட்ஸ் என்பது என்ன?

திரையில் தெரியும் அசைவு, ஒன்றன்பின் ஒன்றாக மாறும் அசையாப் படங்களின் தொடர். திரை ஒரு விநாடியில் எத்தனை முறை தன் படத்தைப் புதுப்பிக்கிறது என்பதே ஹெர்ட்ஸ் கணக்கு. இதைப் புதுப்பிப்பு வேகம் என்கிறோம். சாதாரண அலுவலகத் திரை விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும். திரையரங்கில் நாம் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் விநாடிக்கு 24 சட்டங்களாகவே எடுக்கப்படுகின்றன.

இந்த எண்களை நேரமாக மாற்றிப் பார்த்தால் உண்மை தெளிவாகும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லிவிநாடி நிற்கும். 144 ஹெர்ட்ஸில் அது 6.9 மில்லிவிநாடி, 240 ஹெர்ட்ஸில் 4.2, 360 ஹெர்ட்ஸில் 2.8.

அதாவது, 60இலிருந்து 144க்கு மாறினால் ஒவ்வொரு படத்திலும் கிட்டத்தட்ட 10 மில்லிவிநாடி மிச்சமாகிறது. பெரும்பாலோர் இதைச் சுட்டியை நகர்த்திய உடனேயே உணர்வார்கள். 144இலிருந்து 240க்குப் போனால் மிச்சம் 3 மில்லிவிநாடிக்கும் குறைவு. 240இலிருந்து 360க்குப் போனால் 1.4 மட்டுமே. எண் பெரிதாகத் தாவுகிறது; பயனோ படிக்குப் படி சுருங்குகிறது. 360 ஹெர்ட்ஸ் திரைகள் 2020இல் சந்தைக்கு வந்தன. இன்று 500 ஹெர்ட்ஸைத் தாண்டிய திரைகளும் விற்பனையில் உள்ளன. அவை போட்டிகளில் இறங்கும் விளையாட்டாளர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை.

திரை ஓடினால் போதாது, கணினியும் ஓடவேண்டும்

திரை விநாடிக்கு 240 படங்களைக் காட்டத் தயாராக இருக்கலாம். அந்த 240 படங்களை வரைந்து கொடுப்பது கணினியின் வேலை. ‘கிராபிக்ஸ் கார்டு’ எனப்படும் வரைகலை அட்டை விநாடிக்கு 80 படங்களைத்தான் வரைகிறது என்றால், திரையில் 80 புதிய படங்கள்தான் தெரியும். மீதித் திறனுக்குக் கொடுத்த பணம் சும்மா கிடக்கும்.

2025இல் வரைகலை அட்டைச் சந்தை புதுத் தலைமுறைக்கு மாறியது. என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அவ்வாண்டு ஜனவரியில் வெளியாகத் தொடங்கியது. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 9070, 9070 எக்ஸ்டி அட்டைகள் மார்ச்சில் வந்தன. புதிய என்விடியா அட்டைகள், உண்மையில் வரைந்த ஒரு படத்துக்கு பல கூடுதல் படங்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கி இடையில் செருகக்கூடியவை. விளம்பரங்களில் காணும் மிகப் பெரிய எண்கள் சில இப்படிக் கிடைப்பவை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. செருகப்பட்ட படங்கள் அசைவை வழவழப்பாகக் காட்டும். ஆனால் விசையை அழுத்தியதும் விளையாட்டு எதிர்வினையாற்றும் வேகம் அவற்றால் கூடுவதில்லை. கதையோடு நகரும் விளையாட்டுகளுக்கு இந்த வசதி நன்று. வேலரன்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 போல நொடிப்பொழுதில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுகளுக்கு, அட்டை தானே வரையும் படங்களின் எண்ணிக்கைதான் முக்கியம். இவ்வகை விளையாட்டுகளில் வரைகலை அட்டையைவிட மையச் செயலியே பல நேரங்களில் வேகத்துக்கு வரம்பு கட்டுகிறது. 2024 நவம்பரில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலி விளையாட்டாளர்களிடையே பெயர் வாங்கியதற்கு அதுவே காரணம்.

விளையாட்டே வரம்பு கட்டுவதும் உண்டு. ‘எல்டன் ரிங்’ கணினியில் விநாடிக்கு 60 படங்களுக்குமேல் ஓடாதபடி அமைக்கப்பட்டுள்ளது. அதை மட்டும் விளையாடுபவருக்கு 240 ஹெர்ட்ஸ் திரையால் ஆதாயம் இல்லை. பிளேஸ்டேஷன் 5 சாதனத்தை இணைப்பவர்களுக்கும் உச்சம் 120 ஹெர்ட்ஸ்தான்.

தெளிவும் வேகமும் ஒன்றையொன்று இழுக்கும்

திரையில் உள்ள படப்புள்ளிகளின் எண்ணிக்கை அடுத்த கணக்கு. 1080பி எனப்படும் முழு எச்டி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 36.9 லட்சம். 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது முழு எச்டியைப்போல் நான்கு மடங்கு. புள்ளிகள் கூடினால் அட்டையின் சுமை கூடும். அது வரையும் படங்களின் எண்ணிக்கை குறையும். ஆகவே வேகம், தெளிவு இரண்டையும் உச்சத்தில் கேட்டால் மிக விலையுயர்ந்த அட்டை தேவைப்படும்.

பொதுவாக 24 அங்குலத் திரைக்கு 1080பி, 27 அங்குலத் திரைக்கு 1440பி பொருத்தமாக இருக்கும். வீவக வீட்டு அறையில் சுவரோரம் போட்ட மேசைக்கு 27 அங்குலமே தாராளம்.

வேகம் ஒத்துப்போகாதபோது

அட்டை வரையும் வேகமும் திரை புதுப்பிக்கும் வேகமும் ஒத்துப்போகாவிட்டால், படம் நடுவே கிழிந்ததுபோல் தெரியும். இதைத் தடுக்க, அட்டை படம் கொடுக்கும் வேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் தொழில்நுட்பம் உண்டு. என்விடியாவின் ஜி-சிங்க் 2013இல் அறிவிக்கப்பட்டது. ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் திரைகள் 2015இல் வந்தன. 2019 முதல் என்விடியா அட்டைகளும் ஃப்ரீசிங்க் வகைத் திரைகளோடு இணைந்து செயல்படுகின்றன. எனவே ஜி-சிங்க் முத்திரைக்காக மட்டும் கூடுதலாகக் கொடுக்கவேண்டிய அவசியம் பெரும்பாலோருக்கு இல்லை. இந்த வசதி இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளலாம்.

“1 மில்லிவிநாடி” என்ற விளம்பரம்

ஹெர்ட்ஸுக்கு அடுத்துப் பெட்டியில் பெரிதாக அச்சிடப்படுவது இந்த எண். ஒரு படப்புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரத்தை இது குறிக்கும். ஆனால் மிகச் சாதகமான சூழலில் அளந்த எண்ணைத்தான் நிறுவனங்கள் பெரும்பாலும் போடுகின்றன. புள்ளி மாறும் நேரம் படம் மாறும் நேரத்தைவிட நீண்டால், வேகமான திரையிலும் அசைவு மங்கும்.

இங்கு திரையின் வகை முக்கியம். ஐபிஎஸ் வகை நிறத்திலும் வேகத்திலும் நடுநிலையானது. விஏ வகையில் கறுப்பு ஆழமாகத் தெரியும். ஆனால் மலிவான விஏ திரைகளில் இருண்ட காட்சிகள் இழுபட்டதுபோல் தோன்றும். ஓஎல்இடி வகையில் புள்ளிகள் மிக விரைவாக மாறும், கறுப்பும் முழுக் கறுப்பு. விலை அதிகம், ஒரே படம் நெடுநேரம் நின்றால் நாளடைவில் தடம் பதியும் அபாயமும் உண்டு. நாள்முழுதும் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவர்கள் அதை யோசித்து வாங்கவேண்டும்.

வாங்கிய பிறகும் 60இலேயே ஓடலாம்

புதிய திரையை இணைத்த பிறகும் விண்டோஸ் 60 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடுவது உண்டு. அமைப்புகளில் ‘டிஸ்பிளே’ பகுதிக்குச் சென்று, ‘அட்வான்ஸ்ட் டிஸ்பிளே’ பக்கத்தில் வேகத்தை நாமே மாற்றவேண்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. வீட்டில் ஏற்கெனவே உள்ள திரையிலும் இதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

கம்பியும் காரணமாகலாம். எச்டிஎம்ஐ 2.0 இணைப்பு 4கே தெளிவில் 60 ஹெர்ட்ஸ் வரைதான் முழு நிறத்தோடு தாங்கும். 4கே, 120 ஹெர்ட்ஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ 2.1 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.4 தேவை. எச்டிஎம்ஐ 2.1 என்று எழுதியிருந்தாலும் அதன் எல்லா வசதிகளும் இருந்தாகவேண்டும் என்ற விதி இல்லை. “இந்தத் துளையில், இந்தத் தெளிவில், எத்தனை ஹெர்ட்ஸ்?” என்று கடையில் நேராகக் கேட்டுவிடுங்கள்.

கடையில் நிற்கும்போது

லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கும் தொலைவில் உள்ள சிம் லிம் ஸ்குவேரில் பல கடைகளின் விலையை ஒரே நாளில் ஒப்பிடலாம். பொருளை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். செயலிழந்த புள்ளிகள் இருந்தால் மாற்றித் தருவார்களா, உத்தரவாதம் உள்ளூரிலா வெளிநாட்டிலா என்பதையும் கேட்டுப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ‘லெமன்’ சட்டம் நடப்பில் உள்ளது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ கேட்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் கேஸ் எனப்படும் பயனீட்டாளர் சங்கத்தையும், 20,000 வெள்ளி வரையிலான சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றத்தையும் நாடலாம். இணையத்தில் தனிநபரிடம் வாங்கும் பழைய திரைக்கு இச்சட்டப் பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கும்போது 9 விழுக்காட்டுப் பொருள், சேவை வரியையும் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

முதலில் எதற்குப் பணம்?

செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களின் தேவையால் 2025 இறுதியில் கணினி நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. ‘குரூஷியல்’ என்ற பெயரில் பயனீட்டாளர்களுக்கு நினைவகம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அவ்வியாபாரத்திலிருந்து விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. முழுக் கணினியையும் மாற்ற இது ஏற்ற நேரமன்று என நினைப்பவர்கள், நல்ல திரையை மட்டும் முதலில் வாங்கலாம். வரைகலை அட்டையை மாற்றினாலும் திரை அடுத்த கணினிக்கும் உதவும்.

படிப்பும் இடையிடையே விளையாட்டும் என்றால் 1080பி, 144 அல்லது 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் திரை போதுமானது. நடுத்தர வரைகலை அட்டை வைத்திருப்பவர்களுக்கு 27 அங்குல 1440பி, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் பொருந்தும். சுடும் விளையாட்டுகளில் போட்டிக்குத் தயாராகிறவர்கள், தங்கள் கணினி விநாடிக்கு 200 படங்களுக்குமேல் உண்மையில் கொடுக்கிறதா என்று பார்த்த பிறகு 240 ஹெர்ட்ஸுக்குப் போகலாம். அதைப் பார்க்க, விளையாட்டின் அமைப்புகளில் விநாடிக்கு எத்தனை படங்கள் என்பதைக் காட்டும் வசதியை இயக்கினால் போதும். பிள்ளை 240 ஹெர்ட்ஸ் கேட்டால், கடைக்குக் கிளம்புமுன் அந்த எண்ணை வீட்டுத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.