குழி கட்டியவர் போய்விடுவார், பொறுப்பு முதலாளிக்கே

ஹோட்டல், பேக்கரி, வாகன சேர்விஸ் ஸ்டேஷன் நடத்தும் நமது வர்த்தகர்கள் பலர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வேலையை ஒரு பாஸிடம் வாய்மொழியாக ஒப்படைத்துவிட்டு, இனி அது அவர் பொறுப்பு என்று இருந்து விடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, குறித்துரைக்கப்பட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. 2008 ஜனவரி வர்த்தமானி இத்தொழில்களை மூன்று பட்டியல்களாக வகுத்தது. முதலிரண்டு பட்டியல்களுக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபையும், சிறு தொழில்களைக் கொண்ட மூன்றாவது பட்டியலுக்கு உள்ளூராட்சி மன்றங்களும் அனுமதி வழங்கின. 2022இல் பட்டியல் திருத்தப்பட்டது. ஆகவே உங்கள் தொழில் இப்போது எதில் அடங்குகிறது என்பதைப் பிரதேச சபையில் அல்லது நகர சபையில் முதலில் கேட்டறியுங்கள்.

இந்த அனுமதிப்பத்திரம் தொழிலை நடத்துபவருக்கே வழங்கப்படுகிறது, தொட்டியைக் கட்டியவருக்கல்ல. நிபந்தனை மீறப்பட்டால் அதை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ முடியும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் கழிவுநீருக்கு 2008இல் விதிக்கப்பட்ட நியமத்தின்படி, உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராமையும், எண்ணெயும் கொழுப்பும் 10 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. சாதாரண மலக்குழித் தொட்டியில் திண்மங்கள் அடியில் படியுமே தவிர, சமையலறைக் கழிவுநீர் இந்த அளவுக்குச் சுத்தமாகாது. முன்னால் எண்ணெய் பிரிக்கும் தொட்டியும், பின்னால் காற்றூட்டும் தொட்டி போன்ற அடுத்த கட்டச் சுத்திகரிப்பும் தேவைப்படும்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் இவ்வமைப்புகளைக் கூலிக்குப் பொருத்துபவரே அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். பயிற்சி பெற்று, பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். முதலாம் தர அனுமதி சாதாரண அமைப்புகளுக்கு மட்டுமே. காற்றூட்டும் அமைப்புகளைப் பொருத்த இரண்டாம் தர அனுமதி வேண்டும். வேலை தெரிந்தவரைத் தெரிவு செய்யும் சுமையில் ஒரு பங்கை அங்கு அரசு ஏற்கிறது. இங்கே அந்தப் பரீட்சையை முதலாளியே வைத்தாக வேண்டும்.

நான் சொல்லும் வழி இதுதான். உங்களுடையதைப் போன்ற இடத்தில் அவர் முன்பு செய்த வேலையைப் போய்ப் பாருங்கள். எஸ்.எல்.எஸ். 745 நியமத்தை அவர் அறிவாரா என்று கேளுங்கள். நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் கழிவுநீர், வெளியேறும் நீரின் தரம் என்ன, சேறு அகற்றுவது யார் என்பவற்றை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கொடுப்பனவில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, வியாபாரம் மும்முரமாக நடக்கும் நாளில் எடுத்த நீர் மாதிரியின் ஆய்வுகூட அறிக்கை கிடைத்த பின் கொடுங்கள்.

தவணைக் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சியும் வைக்கும்படி சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. நிறுத்தி வைக்கும் பணமும் தவணைக் கடனே. அயலவரின் கிணற்றில் நமது கழிவு கலந்தால், அது அபராதத்தோடு தீரும் விடயமல்ல, அடியார்களின் ஹக்கு.