பூகம்பம் வந்தால் நம் கட்டிடம் தாங்குமா?

பூகம்பம் என்றாலே நமக்கு ஜப்பான்தான் ஞாபகம் வரும். "அதெல்லாம் நம்ம ஊருக்கு வராதுப்பா" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தின் பூஜ் அருகே 7.7 அளவுக்குப் பூமி அதிர்ந்தது. 200 கி.மீ.க்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இடிந்து விழுந்தன. பக்கத்துக் கட்டிடங்கள் அப்படியே நின்றன. ஏன் இந்த வித்தியாசம்?

சபர்மதி ஆறு சேர்த்த மண் ஆழமாக இருந்த இடங்களில் அதிர்வு பெருகியது ஒரு காரணம். இன்னொன்று, வண்டி நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தில் சுவரே வைக்காமல் வெறும் தூண்களை மட்டும் விட்டிருந்தது. மேல் மாடிகளில் செங்கல் சுவர் இருப்பதால் அவை விறைப்பாக நிற்கும். ஆட்டம் முழுவதையும் கீழ்த் தூண்கள்தான் வாங்கவேண்டும். தலையில் மூட்டையோடு நிற்பவரை முழங்காலில் தட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

ஒரு நகரத்தில் இருக்கும் அத்தனை கட்டிடத்தையும் கணக்குப் போட்டுச் சோதிக்க முடியுமா? முடியாது. அதற்குத்தான் தெருவில் நின்றே பார்த்து மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. அமெரிக்காவில் 1988-ல் இதற்குக் கையேடு வந்தது. கட்டிட வகைக்கு ஓர் அடிப்படை மதிப்பெண் உண்டு. எத்தனை மாடி, தரைத்தளம் வெறும் தூணா, வடிவம் நேர் சதுரமா 'எல்' மாதிரியா, மண் கெட்டியா, ஏரியைத் தூர்த்த இடமா என்று பார்த்து, குறை இருந்தால் கழிப்பார்கள். மதிப்பெண் குறைந்த கட்டிடத்தை மட்டும் உள்ளே போய், வரைபடம், கான்கிரீட் பலம், கம்பி எல்லாம் சோதிப்பார்கள்.

ஆனால் தெருவில் நின்றால் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அது தூணுக்குள் இருக்கும் ரிங். அதன் முனையை 135 டிகிரி வளைத்து உள்ளே மடக்கவேண்டும் என்று 1993-ல் வந்த ஐ.எஸ். 13920 சொல்கிறது. 90 டிகிரியில் விட்டால், ஆட்டத்தில் மேல்பூச்சு கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கம்பி பிதுங்கும்.

என் அப்பா கம்பி கட்டுபவர். இதைப் படித்த அன்று வீட்டில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "அப்ப இத்தனை வருஷமா நான் கட்டுனது எல்லாம் தப்பாடா?" என்று கேட்டார். "உங்க தப்பு இல்லப்பா, உங்ககிட்ட யாரும் சொல்லல" என்றேன். மறுவாரம் சைட்டில் 135 வளைத்திருக்கிறார். "கை கொஞ்சம் கூட வலிக்குது, அவ்வளவுதான்" என்றார்.

2002 திருத்தத்தில் சென்னை 2-ம் மண்டலத்திலிருந்து 3-ம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் கட்டியவை பூகம்பத்துக்குக் கணக்குப் போட்டிருந்தாலும், குறைந்த விசைக்கே போட்டிருக்கும்.

நண்பர்களே, நாளை நாம் சைட் சூப்பர்வைசர்களாகப் போகப்போகிறோம். வரைபடத்தில் இருப்பதைக் கம்பி கட்டுபவரிடம் நின்று விளக்கிச் சொல்லுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு குடும்பம் பிழைக்கலாம்.