குடைக்குள் ஒரு முகம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

“குடைதான் நல்லா விழுந்திருக்கு தம்பி, என்னைக் காணோமே!”

காஞ்சிபுரத்தில் நான் பேருந்துக்கு நிற்கும் இடத்தருகே பெரிய குடை நட்டுப் பூ விற்கும் அம்மா ஒருவர் சொன்ன சொற்கள் இவை. வீட்டில் மாட்டத் தம் படம் ஒன்றுகூட இல்லை என்று அவரே கேட்டு எடுத்துக்கொண்ட படம் அது. குடை இருந்தது, மல்லிகை இருந்தது. முகத்தில் கரி பூசினாற்போல் இருள். படத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு மாகறல் வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

காரணம் எளிது. வெயிலுக்கும் நிழலுக்கும் நம் கண் நொடியில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். கருவியோ காட்சி முழுவதற்கும் சேர்த்து ஒரே அளவு ஒளியைத்தான் உள்ளே விடும். பின்னால் வீதி பளீரென்றிருந்தால் ஒளியைக் குறைத்துவிடும். குடைக்குள் இருப்பவர் மறைந்துபோவார். கைப்பேசியாயின் திரையில் முகத்தின்மீது விரல் வைத்தால் முகத்துக்கேற்ற அளவை எடுத்துக்கொள்ளும். அப்போது வீதி வெளுக்கும். ஆகவே, நிழல் விழுந்த சுவர் பின்னால் வருமாறு நாம் இரண்டடி நகர்வதே மேல்.

நேரமும் முக்கியம். காஞ்சி ஏறத்தாழ 12.8 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 19 ஆகிய நாட்களை ஒட்டி நண்பகலில் சூரியன் உச்சிக்கு நேராக வந்துவிடுகிறது. அவ்வேளை குடை பிடித்தவருக்குத் தரையில் பட்டு எழும் ஒளிதான் மிச்சம். காலை எட்டு மணிக்கோ வெயில் சாய்ந்து குடைக்கு அடியில் புகுந்து முகத்தைத் தொடும்.

குடையின் நிறத்தையும் மறக்கலாகாது. கறுப்புத் துணி ஒளியை விழுங்கும். சிவப்புக் குடைக்குள் முகமும் சிவக்கும். (நெசவாளரான என் தந்தை சாயம் பார்க்க நூலை வாசலுக்குக் கொண்டுபோவது இதனால்தான் என்று கல்லூரிக்கு வந்த பிறகே எனக்குப் புரிந்தது.) வெள்ளைத் துணியோ ஒளியைப் பரப்பி மென்மையாக்கும். வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாளுக்குப் பிடிக்கும் வெண்குடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

மழைக்குக் கணக்கு வேறு. 2 மில்லிமீட்டர் துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டர் வேகத்தில் விழும். திரை 1/60 நொடி திறந்திருந்தால் துளி 11 சென்டிமீட்டர் நீளக் கோடாகும். 1/1000 நொடியென்றால் அக்கோடு மிகவும் குறுகிவிடும்.

நியூயார்க் வீதிகளில் மழையிலும் பனியிலும் குடைகளை வண்ணத்தில் எடுத்துப் புகழ்பெற்றவர் சால் லைட்டர் (1923–2013). அவர் படங்கள் பலவற்றில் முகமே தெரியாது. அதுவும் ஓர் அழகுதான். ஆனால் நம் பூக்கார அம்மா கேட்டது குடையை அன்று.

அடுத்த வாரம் காலை எட்டு மணிக்குப் போனேன். குடையைச் சற்றே சாய்க்கச் சொல்லி, முகத்தில் விரல் வைத்து எடுத்துப் பிரதி போட்டுக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“இதுல வயசானது தெரியுதே” என்றார். பிறகு ஈரம் படாமல் காகிதத்தில் சுற்றிப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டார்.