மடியில் கிட்டார், மறுபக்கத்தில் பெயர்

ராணுவ முகாமில் அவசரமாக எழுப்பிய பலகை மேடை. நடுவில் ஹூலா ஆடும் பெண், பக்கத்தில் பாடகர், பின்னால் நின்றபடி வாசிக்கும் இரண்டு மூன்று பேர். ஒருவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். மடியில் கிடத்திய கருவியின் மேல் தலை கவிழ்ந்திருக்கும். அவர்தான் ஸ்டீல் கிட்டார்க்காரர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்கு வாசித்த ஹவாய் குழுக்களின் படங்களைப் புரட்டினால் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

தலை கவிழ்வதற்குக் காரணம் உண்டு. இடது கையில் இருக்கும் எஃகுத் துண்டு தந்திகளை அழுத்துவதில்லை, மேலே வழுக்கிக்கொண்டு போகிறது. சுருதி நிற்கும் இடத்தைக் கண்ணால் குறிபார்த்தே பிடிக்க வேண்டும். கேமராவை நிமிர்ந்து பார்க்க அவருக்கு நேரமில்லை. குழுவில் எல்லோருடைய முகமும் தெளிவாகத் தெரியும் படத்தில்கூட இவருடைய நெற்றியும் வாரிய முடியும்தான் தெரிகின்றன.

எஃகுத் துண்டு வலது கையில் இருந்தால், பெரும்பாலும் யாரோ படத்தை இடவலமாக மாற்றிப் பிரதி எடுத்திருக்கிறார்கள். கருவியிலிருந்து ஒரு வயர் ஓடினால் அது மின்சார கிட்டார். செல்லமாக 'வறுசட்டி' எனப்பட்ட ரிக்கன்பேக்கர் கிட்டார் 1932-ல் விற்பனைக்கு வந்த பிறகு எடுத்த படம். அதன் உருவம் வாணலிக்குக் கைப்பிடி வைத்ததுபோலவே இருக்கும்.

1941 டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்ததும் ஹவாயில் ராணுவச் சட்டம் வந்தது. 1944 அக்டோபர் வரை நீடித்தது. வைகிகி கடற்கரையில் முள்வேலி. இரவில் விளக்கு கூடாது. மக்கள் விஷவாயு முகமூடியோடு நடமாடினார்கள். ராயல் ஹவாயியன் ஹோட்டலைக் கடற்படை எடுத்துக்கொண்டு, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து திரும்பியவர்கள் ஓய்வெடுக்க விட்டது. அந்த ஆட்களுக்கு இந்த இசை புதிதல்ல. 1935-லிருந்தே 'ஹவாய் கால்ஸ்' வானொலி நிகழ்ச்சி அமெரிக்காவில் அதை வீடு வீடாகக் கொண்டுபோயிருந்தது. லண்டனிலும் பெலிக்ஸ் மெண்டல்சனின் ஹவாய் குழு போர்க் காலத்தில் கொடிகட்டிப் பறந்தது.

இப்போது இந்தப் படங்களுக்கு நல்ல கிராக்கி. விற்பவர் தரும் விவரத்தில் கிட்டாரின் மாடல் இருக்கும், ஒலிபெருக்கிப் பெட்டியின் ஆண்டு இருக்கும். வாசிப்பவர் பெயர்? 'ஹவாய் இசைக்கலைஞர்கள்' என்பதோடு முடிந்துவிடும். மேடையேறிக் கைகுலுக்கிய சினிமா நட்சத்திரத்தின் பெயர் மட்டும் தவறாமல் இருக்கும்.

பெயர்கள் எங்கும் எழுதப்படவே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய பிரதிகளின் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து, ஸ்டூடியோ முத்திரை, முகாமின் பெயர் என ஏதாவது இருக்கும். ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுக்கும்போது பசையோடு அதுவும் கிழிகிறது. தப்பியதை ஸ்கேன் செய்பவர் முன்பக்கத்தை மட்டும் எடுக்கிறார். அடுத்தவர் ஓரத்தை வெட்டுகிறார், அதற்கடுத்தவர் மென்பொருளில் வண்ணம் ஏற்றுகிறார். அழகு கூடிக்கொண்டே போகிறது. ஆள் யாரென்று கண்டுபிடிக்கும் வழி அடைபட்டுக்கொண்டே போகிறது. படமே பேசும்போது பெயர் எதற்கு என்பாரும் உண்டு.

பெயர் எதற்கு என்ற கேள்விக்கு ஸ்டீல் கிட்டார்க்காரர் டாவ் மோயேயின் கதையே பதில். ஸ்டீல் கிட்டாருக்குத் தந்தை எனப்படும் ஜோசப் கெகுகு பிறந்த லாயியே ஊரில் வளர்ந்தவர். 1928-ல் ஹவாயை விட்டுக் கிளம்பி, மனைவி ரோஸோடு ஆசியாவும் ஐரோப்பாவும் சுற்றினார். போர்க் காலத்தில் பெரும்பகுதி கல்கத்தாவில். ராணுவத்தினர் நிரம்பிய கிராண்ட் ஹோட்டலில் வாசித்தார், அந்த ஊர் ஆட்களுக்குக் கற்றும் கொடுத்தார். வங்காளத்தில் ரவீந்திரநாத் தாகூரின் பாடல்கள்வரை ஹவாயன் கிட்டார் போய்ச் சேர்ந்ததில் அவருக்கும் பங்குண்டு.

1929-ல் டோக்கியோவில் அவர் வாசித்த பழைய இசைத்தட்டுகளை அமெரிக்க கிட்டார் கலைஞர் பாப் பிராஸ்மன் அறிந்திருந்தார். 1980-களில் லாயியேவிலிருந்து பிராஸ்மனுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் டாவ் மோயே! குடும்பத்தோடு சேர்த்து அவரை மறுபடி பதிவு செய்து 1989-ல் ஆல்பம் வெளியிட முடிந்தது. டாவ் மோயே 2004-ல் காலமானார். முகாம் படங்களில் குனிந்திருக்கும் மற்றவர்களில் இனி இப்படிக் கடிதம் எழுதக்கூடியவர்கள் அநேகமாக இல்லை. அவர்களுடைய பிள்ளைகளே எண்பதை நெருங்குகிறார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். படத்தின் இரண்டு பக்கத்தையும் ஸ்கேன் செய்து அவர்களிடம் காட்டி, உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்க இன்னும் சில ஆண்டுகளே மிச்சம்.