மூட்டைப்பூச்சி

சிற்றுயிர்கள் மக்கட்கு இழைக்கும் இன்னல்களுள் துயிலைக் கெடுத்தல் கொடியது. பகலெல்லாம் உழைத்தோன் இரவிற் பெறும் ஓய்வையும் பறிப்பது மூட்டைப்பூச்சி. திருமகள் தாமரையிலும், சிவபெருமான் இமயத்திலும், திருமால் பாற்கடலிலும் பள்ளிகொண்டது இப்பூச்சிக்கு அஞ்சியே என்று வடமொழிப் புலவர் ஒருவர் நகையாடினார். நகைப்பிற்குரியதாயினும், மாணவர் பலர் கூடி உறையும் ஊர்களில் இதன் இயல்பை அறிந்திருத்தல் இன்றியமையாதது. நம் மாவட்டத்து அண்ணாமலை நகரில் 1929-ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் தோன்றிய நாள்முதல், பல ஊர் மாணவரும் பெட்டி படுக்கையுடன் வந்து தங்கிச் செல்கின்றனர். அவை செல்லுமிடமெல்லாம் உடன்செல்ல வல்லது இப்பூச்சி.

வழக்கில் இதனை மூட்டைப்பூச்சி என்பாரும் மூட்டுப்பூச்சி என்பாரும் உளர். எது முந்திய வடிவம் என்று ஈண்டு ஆராயப் புகுந்திலேம். ஆயின் இரு பெயரும் இதன் இயல்பை நன்கு உணர்த்துகின்றன. கட்டிலின் மூட்டில் இது வாழ்கின்றது. பயணியின் மூட்டையில் இது பரவுகின்றது. இவ்விரண்டையும் நினைவிற் கொண்டார்க்கு இதனை அறிதலும் ஒழித்தலும் தடுத்தலும் எளியவாம்.

முதற்கண் அறியுமாறு கூறுவாம். வளர்ந்த பூச்சி துவரம்பருப்பு அளவினது, தட்டையானது, செம்பழுப்பு நிறத்தது, பறக்கமாட்டாது. குருதி குடித்தபின் உப்பிச் சிவக்கும். முட்டை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ளதாய் வெண்ணிறமாய் இடுக்குகளில் ஒட்டிக் கிடக்கும். குஞ்சு ஐந்துமுறை தோலுரித்து வளரும். ஒவ்வொரு முறையும் அதற்குக் குருதி வேண்டும். உடலிற் காணும் தடிப்பை மட்டும் கொண்டு துணிதல் கூடாது. கொசுக்கடியும் அவ்வாறே தோன்றும். சிலர்க்குக் கடித்த தடமே தோன்றாது. படுக்கை விரிப்பிலும் கட்டிற் சட்டத்திலும் மைத்துளி போன்ற கரும்புள்ளிகள், உரித்த தோல்கள், மெத்தைத் தையலில் மறைந்த பூச்சிகள் ஆகியவையே தக்க சான்றுகள். இரவில் விளக்கேந்தி, கட்டிலின் பொருத்துகள், பிரம்பு நாற்காலியின் பின்னல், ஆணித்துளை, சுவரில் தொங்கும் நாட்காட்டியின் பின்புறம் ஆகிய இடங்களை நோக்குக.

இப்பூச்சி நோய் பரப்புமோ என்னும் வினா நம் சென்னையிலேயே ஆராயப்பெற்றது. காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் கிருமி மூட்டைப்பூச்சியின் வயிற்றில் வளர்வதைக் கண்ட பேட்டன் என்னும் மருத்துவர், 1907-இல் அதனையே அந்நோயைப் பரப்புவதாகக் கருதினார். ஆயின் உண்மைக் குற்றவாளி மணல் ஈ. அதன் கடியால் அந்நோய் மாந்தரைப் பற்றுதலை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்பார் ஐயமற நிறுவினர். மூட்டைப்பூச்சி மக்களிடையே நோய் பரப்புவதாக இன்றுவரை மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் உறக்கமின்மையும், சொறிந்த புண்ணிற் சீழ் வைத்தலும் சிறு துன்பங்கள் அல்ல. கடித்த இடத்தைச் சோப்பிட்டுக் கழுவிக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்க நமைச்சல் தணியும். வீக்கம் மிகினும் சீழ் பிடிப்பினும் மருத்துவரிடம் செல்க.

நிற்க. ஒழிக்கும் வழியாது? மருந்தே போதுமென்று கருதுவார் பலர். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் ஆற்றலுடையதென 1939-இல் கண்ட பால் மூலர்க்கு 1948-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஹவாய்த் தீவின் பேர்ல் துறைமுகப் படைவீரர் விடுதிகளில், அம்மருந்திற்கு மடியாத மூட்டைப்பூச்சிகள் காணப்பட்டன! இன்று கடைகளில் விற்கும் தெளிப்பு மருந்துகள் பலவற்றிற்கும் இவை பழகிவிட்டன. 2023-இல் பாரிஸ் மாநகரமே இவற்றால் கலங்கியது.

மருந்தின் அளவை மிகுத்தலோ பேரிடர். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்கென வீட்டில் வைத்த நச்சின் காற்றால் இரு குழந்தைகள் உயிர் நீத்தனர். தானியக் கிடங்கிற்குரிய நச்சு மாத்திரைகளை உறங்கும் அறையில் ஒருகாலும் வையற்க. மண்ணெண்ணெய் தெளித்தலும் தீவிபத்திற்கு இடமாகும்.

இப்பூச்சி தாங்கமாட்டாதது வெப்பம். ஏறத்தாழ 50 பாகை செல்சியசு வெப்பம் உட்புறம் வரை சென்று சிறிதுநேரம் நிலைப்பின் முட்டையும் மடியும். நம் பாட்டிமார் கட்டிலின் மூட்டுகளிற் கொதிநீர் ஊற்றியது இதனாற் பயன்பட்டது. சித்திரை வெயிலிற் கட்டிலை இடுதலும் நன்றே. ஆயினும் பூச்சி நிழற்புறம் ஒதுங்கிவிடும். பஞ்சு மெத்தையின் நடுவே சூடு செல்லாது. ஆதலின் வெயிலை மட்டும் நம்பியிராது, துணிகளைப் பையிற் கட்டிக் கொண்டுபோய்க் கொதிநீரில் ஊறவைத்துத் துவைக்க. மெத்தைத் தையல்களைத் துலக்கிப் பூச்சிகளைச் சோப்பு நீரில் இடுக. சுவர் வெடிப்புகளை அடைக்க. முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகுமாதலின், ஒருமுறை செய்து அமையாது, இரு வாரம் கழித்து மீண்டும் செய்க. கடிக்கு அஞ்சி வேறறைக்குப் படுக்கையை மாற்றுதல் பூச்சியையும் உடன் கொண்டுசெல்வதாகும். விடுமுறையில் அறையைப் பூட்டிவிட்டுச் செல்வதாலும் பயனில்லை. உணவின்றிப் பல வாரங்கள், சிலவேளை மாதங்களும், இது உயிர்வாழும்.

தடுத்தலாவது மூட்டையைக் காத்தல். விடுதியினின்று வீடு மீள்வோர் பெட்டியைக் கட்டிலின்மேல் வையாது, முற்றத்தில் திறந்து உதறித் துணிகளை உடனே வெந்நீரில் இடுக. பழைய கட்டிலும் நாற்காலியும் வாங்குவோர் பொருத்துகளை ஆராய்ந்து வாங்குக.

இவையெல்லாவற்றினும் பெரிய தடை ஒன்றுண்டு, அது நாணம். மூட்டைப்பூச்சி அழுக்குடையார் வீட்டிலேயே தோன்றும் என்பது தவறான எண்ணம். அது நாடுவது அழுக்கையன்று, குருதியை. தூய்மை அதனை விரைவிற் காண உதவுமேயன்றி வாராமல் தடுத்துவிடாது. ஏழை மாணவன் ஒருவன் தன் பாயிற் கண்ட பூச்சியை அறைத்தோழரின் ஏளனத்திற்கு அஞ்சி மறைப்பானாயின், ஒரு திங்களுக்குள் அவ்வரிசை அறைகள் அனைத்திற்கும் அது பரவும். ஓர் அறையை மட்டும் தூய்மை செய்து அடுத்த அறையை விடுதலும் வீண். ஆகவே கண்டவன் கூசாது கூறுக. கேட்டவர் நகையாது துணைநிற்க. அனைவரும் ஒரே நாளில் முயல்க. மூட்டிலுள்ள பூச்சியைக் கொதிநீர் வெல்லும். நாணத்துள் ஒளிந்த பூச்சியை வெல்வது தோழமை ஒன்றே.