மண்டபம் எழும்பிவிட்டது, வாத்தியார் எங்கே?

மார்ச் மாதத்தில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்துக்குப் போனால், லண்டனும் ரொறன்ரோவும் சிட்னியும் ஒரே கொட்டகைக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி அது. ஊரில் அதற்கு ‘வடக்கின் பெரும் போர்’ என்று பெயர். அதைப் பார்ப்பதற்கென்றே வேலைக்கு லீவு போட்டு விமானம் ஏறி வருகிற பழைய மாணவர்கள் உண்டு. பாண்ட் வாத்தியச் சத்தத்துக்கு நடுவிலேயே அதிபரிடம் யாராவது கேட்டுவிடுவார்கள்: “சேர், இந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு என்ன தேவை?”

இந்தக் கேள்வி யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே ரயில்வேக்கும் அரச அலுவலகங்களுக்கும் எழுதுவினைஞர்களாக மலாயாவுக்குப் போனவர்கள் ஊருக்குக் காசு அனுப்பினார்கள். அந்தக் காசில் வீடும் கோயிலும் எழும்பின, பள்ளிக்கூடங்களும் எழும்பின. அதற்கும் முந்திய கதை வட்டுக்கோட்டையில் இருக்கிறது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் தொடங்கிய செமினரி 1855இல் மூடப்பட்டது. ஊர்க் கிறிஸ்தவர்கள் விடாமல் வற்புறுத்தியதன் பயனாக 1872இல் அங்கே யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. அதற்கென அமெரிக்காவில் ஒரு நிதி திரட்டப்பட்டு, பொஸ்ரனில் உள்ள அறங்காவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் தொகையில் கை வைக்காமல், அதிலிருந்து வரும் வருமானத்தைக் கல்லூரிக்கு அனுப்புவது என்ற அந்த ஏற்பாட்டை இன்றைய சங்கங்கள் எல்லாம் ஒருதரம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் சங்கங்களை நடத்துகிறவர்களில் பலர் தொண்ணூறுகளில் படித்தவர்கள். 1990இல் போரால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் தங்கத்துக்குச் சமமானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் திரியைக் கோத்து ஏற்றுவார்கள். அந்த வெளிச்சத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து உயர்தரப் பரீட்சைக்குப் படித்தார்கள். வலிகாமம் வடக்கில் மகாஜனக் கல்லூரி, யூனியன் கல்லூரி போன்ற பெயர்பெற்ற பாடசாலைகள் தம் வளவை விட்டே இடம்பெயர்ந்தன. வேறு பாடசாலைகளின் கட்டடங்களில், அங்கே படிப்பவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, மாலை நேர வகுப்புகள் நடந்தன. 1995 ஒக்டோபரில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது படிப்பும் கூடவே நடந்தது. அந்த ஆசிரியர்களுக்குப் பட்ட கடனைத்தான் ஐம்பது வயதில் வந்து நிற்கும் இந்தத் தலைமுறை தீர்க்கப் பார்க்கிறது. இதைப் பழைய நினைவின் ஏக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

காசு சேரும் விதமும் சுவாரசியமானது. வருடத்தில் ஒரு சனிக்கிழமை மண்டபம் எடுத்து இராப்போசன விருந்து வைப்பார்கள். நுழைவுச்சீட்டு, நினைவு மலருக்கு விளம்பரம், அதிர்ஷ்டச் சீட்டு, பிள்ளைகளின் பரதநாட்டியம் எல்லாம் இருக்கும். பாடசாலைக் கீதம் தொடங்கியதும் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எல்லோரும் எழும்பி நிற்பார்கள். கோடையில் கிரிக்கெட், வலைப்பந்துச் சுற்றுப்போட்டிகள் நடக்கும். பிரித்தானியாவில் அறநிறுவனமாகப் பதிந்துகொண்ட சங்கத்துக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அங்கே வரி கட்டுகிற ஒருவர் 100 பவுண் கொடுத்தால், ‘கிஃப்ட் எய்ட்’ என்ற ஏற்பாட்டின் கீழ் அரசாங்கம் 25 பவுண் சேர்த்துத் தரும். ஊரில் அந்தக் காசு பெரும்பாலும் அதிபர் தலைமையிலான பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்குப் போகும். அரச பாடசாலையில் கட்டடம் கட்டுவதென்றால் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

பிரச்சினை கட்டடத்தில்தான் தொடங்குகிறது. மண்டபம், மாடிக் கட்டடம், நுழைவாயில் வளைவு, நீச்சல் தடாகம் ஆகியவற்றுக்குக் காசு தாராளமாக வருகிறது. பரி. யோவான் 2023இலும் உடுவில் மகளிர் கல்லூரி 2024இலும் இருநூறாவது ஆண்டைக் கண்டன. இப்படியான நிறைவு ஆண்டுகளில் உற்சாகம் இன்னும் கூடும். அது இயல்பு. கட்டிய மண்டபத்தைப் படம் எடுக்கலாம், அப்பா அம்மா பெயரில் கல் பதிக்கலாம். ஆனால் கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆங்கிலத்துக்கும் ஆள் இல்லாத பாடசாலைக்கு மண்டபம் என்ன செய்யும்? ஆய்வுகூடத்துக்குக் கருவிகள் வந்து இறங்குகின்றன. செய்முறை காட்டித்தர ஆசிரியர் இல்லையென்றால் அவை அலுமாரிக்குள்ளேயே கிடக்கும். கணினிகளுக்கும் அதே கதிதான்; பழுது பார்க்கும் செலவை அன்பளிப்புப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை.

தொண்டர் ஆசிரியர் ஒருவருக்கு மாதாமாதம் கொடுப்பனவு கொடுப்பதில் பதிக்கக் கல் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அதைவிடப் பலன் தருகிற செலவு குறைவு. பத்துப் பேர் வங்கிக் கணக்கிலிருந்து மாதம் தலா 10 பவுண் போகும்படி எழுதிக் கொடுத்தால் போதும். பிரித்தானிய அரசாங்கத்தின் பங்கோடு அது 125 பவுண் ஆகும். இலங்கையில் அது ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபா. ஒரு வகுப்பறையில் ஒரு ஆளை நிறுத்தி வைக்க அது போதும். சில சங்கங்கள் இதை உணர்ந்து, மண்டபத் திட்டத்தை ஒத்திவைத்து, உயர்தர மாணவருக்குச் சூம் வழியாகப் பாடம் நடத்தவும், பல்கலைக்கழகம் போகிற வறிய பிள்ளைக்கு மாதப் புலமைப்பரிசில் கொடுக்கவும் தொடங்கியிருக்கின்றன. 2022இல் பொருளாதாரம் சரிந்து, தாள் இல்லாமல் பரீட்சைகள் தள்ளிப்போன காலத்தில், பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுக்கவும் வெளிநாட்டுக் காசு உதவியது.

இதில் மனத்தை உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. வெளிநாட்டில் பழைய மாணவர் இருக்கிற பாடசாலைக்குத்தான் இந்தக் காசு வரும். நகரத்துப் பெரிய கல்லூரிகளுக்கு நான்கு நாடுகளில் கிளைச் சங்கங்கள் இருக்கும்போது, முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு சிறு கிராமப் பாடசாலைக்கு அப்படி யாரும் இல்லை. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளை எடுத்துக்கொண்டால், அவற்றில் படித்தவர்களில் லண்டனில் சங்கம் வைக்கும் நிலைக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆரம்பப் பாடசாலைகளின் நிலையும் இதுதான். ஐந்தாம் வகுப்பு வரை எழுத்தறிவித்த பள்ளியை விட்டுவிட்டு, கிரிக்கெட் விளையாடிய கல்லூரியின் பெயரைத்தான் மனிதர் மார்பில் அணிகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி தேடியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் கீழ், நன்கொடையாளர் தான் படித்த பள்ளிக்குத்தான் என்றில்லாமல், விரும்பிய எந்த அரசுப் பள்ளிக்கும் கொடுக்கலாம். தொழிலதிபர் வேணு சீனிவாசன் தலைவராகவும் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் தூதராகவும் அதன் முகங்களாக நின்றார்கள். அதே மாநிலத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு, அமெரிக்காவில் தொழில் நடத்தும் அதன் பழைய மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 2024இல் 228 கோடி ரூபாய் கொடுத்தார். அந்த அளவு காசை ஊராட்சிப் பள்ளிக்கு யாரும் எழுதிக் கொடுக்கப்போவதில்லை. அதனால்தான் அப்படியொரு பொது ஏற்பாடு தேவைப்படுகிறது. ஈழத்துச் சங்கங்களும் தாம் திரட்டுவதில் பத்தில் ஒரு பங்கை, சங்கம் இல்லாத ஒரு பாடசாலைக்கு ஒதுக்கலாம். ஹாட்லிக் கல்லூரிக்குக் காசு சேர்க்கிறவர் கூடவே ஒரு தோட்டப் பாடசாலையையும் தத்தெடுத்தால் ஹாட்லிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

சங்கங்களுக்கு வயதாகிறது. தலைவரும் செயலாளரும் பொருளாளரும் அறுபதைத் தாண்டியவர்களாக இருக்கும் கூட்டங்களும் உண்டு. வெளிநாட்டிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு அப்பாவின் கல்லூரி ஒரு பெயர் மட்டுமே. ஆனாலும் அவர்களில் சிலர் கோடை விடுமுறையில் ஊருக்கு வந்து, சில வாரங்கள் ஆங்கிலமும் கணினியும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள். யாழ்ப்பாணமா மலையகத்து ஹட்டனா என்ற பேதம் அவர்களுக்கு இல்லை. எங்கே அனுப்பினாலும் போவார்கள். அவர்களை எந்தப் பாடசாலைக்கு அனுப்புவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில், ஆசிரியர் இல்லாத பாடசாலைகளின் பட்டியலை வலயக் கல்வி அலுவலகத்திடம் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.